மேரிகிறேசின் கன்னம்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கைக்காரரின் காதைப் பார்க்கத் தொடங்கிவிடுவார் சூசைதாசன். சும்மா பார்ப்பதில்லை. தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் காற்றில் எதையோ வழித்துப் பார்ப்பார். டென்மார்க்கில் முன்பின் தெரியாதவரை இப்படி உற்றுப் பார்ப்பது, கதவைத் தட்டாமல் அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைவதற்குச் சமம். ஆனால் ஹொல்ஸ்டெப்ரோ ஊர்க்காரர்கள் பொறுமைசாலிகள். ஒருமுறை ஒரு முதிய பெண்மணி, இந்த மனிதருக்குக் காது கேட்காது போலும் என்று இரங்கி, தன் செவிக்கருவியைக் கழற்றிக் காட்டி, அதை எங்கே வாங்கலாம் என்றும் விளக்கினார். சூசைதாசன் பணிவோடு தலையாட்டினார். விளக்கத்தில் பாதி அவருக்கு விளங்கவில்லை. கருவி இல்லாத காதை முழுதாகப் பார்க்கக் கிடைத்ததே, அதுதான் அன்றைய வரவு.

"முகம் பொய் சொல்லும் தம்பி. காது சொல்லாது," என்பார், அறையைப் பங்குபோட்டிருக்கும் குலேந்திரனிடம்.

ஊருக்கு வெளியே ஒரு வார்ப்பகத்தில் அவருக்கு வேலை. சிற்பிகள் கொண்டுவரும் உருவங்களை வெண்கலத்தில் வார்த்துக் கொடுக்கும் இடம். வார்த்து வரும் உருவத்தின் பிசிறுகளை வெட்டி, துளைகளை அடைத்து, அராவி, மினுக்கி எடுப்பது சூசைதாசனின் பொறுப்பு. கொழும்பில் சிற்பம் படித்தவர், ஆளைப் பார்த்து ஆளைப்போலவே செய்வதைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டு என்று நினைப்பவர். அவர் கைக்கு இங்கே வருபவை பெரும்பாலும் ஓட்டை விழுந்த உருண்டைகளும் முறுக்கிய தூண்களும்தான். அவற்றுக்குச் சிற்பிகள் 'துக்கம்', 'ஏக்கம்' என்று பெயர் வைத்திருப்பார்கள். மாலையில் வீடு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவர் தரும் செய்தி இப்படி இருக்கும்:

"இண்டைக்குத் துக்கத்த மினுக்கி முடிச்சாச்சு. அடியில சின்ன ஓட்டை ஒண்டு கிடந்திச்சு, அடைச்சுப்போட்டன். மறுகா ஏக்கத்தத் தொடங்கவேணும்."

"ஏக்கம் எத்தினை கிலோ அண்ணை?" என்று குலேந்திரன் கேட்பான். அவன் யாழ்ப்பாணத்தான், இறைச்சி ஆலையில் வேலை. எதையும் நிறுத்துப் பார்த்தே பழகியவன்.

மட்டக்களப்பில் இருந்த காலத்தில் சூசைதாசனுக்கு வேலை நிறையக் கிடைத்தது, நிலைக்கத்தான் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் தாபகரை மார்பளவில் செய்தார். தாபகருக்கு இடது இமை தொங்கல். சிலைக்கும் இடது இமை தொங்கியது. "கண்ணைக் கொஞ்சம் திறந்து விடுங்க மாஸ்டர்," என்று குடும்பத்தார் கேட்டார்கள். "அவரு திறக்கல்லயே," என்றார் சூசைதாசன். சிலை இன்னும் பள்ளிக்கூடத்தின் களஞ்சிய அறையில், உடைந்த மேசை வாங்குகளோடு அரைக்கண் மூடி இருப்பதாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு கோயிலுக்கு அந்தோணியார். நல்ல முகமாக இருக்கட்டும் என்று சந்தையிலிருந்த மீன் வியாபாரியை முன்னால் உட்காரவைத்துச் செய்துவிட்டார். செபிக்க வந்த பெண்களோ, முழந்தாளிட்டால் பாரைக்குட்டி என்ன விலை என்று கேட்க வாய் வருகிறதென்று பாதரிடம் முறையிட்டார்கள். இப்படி, உண்மையைச் செய்யப்போய் ஒவ்வொரு வாசலாக மூடிக்கொண்டு வந்தவரை, சண்டை வந்து நாட்டுக்கு வெளியிலேயே தள்ளிவிட்டது. மனைவி மேரிகிறேசைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தார். ஆறேழு மாதத்தில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

மனைவி பிள்ளைகளை அழைக்கத் தமிழர்கள் போட்ட விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். மேலிடத்தில் வேண்டுமென்றே கிடத்திவைத்த சங்கதி பின்னால்தான் வெளியே வந்தது. பத்திரிகைகள் அதற்குத் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்தன, விசாரணையும் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்னால், ஒரு மார்கழியில், சூசைதாசன் வார்ப்பகத்திலிருந்து பழுப்பு மெழுகு ஒரு கட்டி கொண்டுவந்து சமையலறை ஜன்னலோரம் வைத்தார். மேரிகிறேசின் தலையைச் செய்யத் தொடங்கினார்.

ஆசையால் தொடங்கினார் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். பயத்தால் தொடங்கினார். மேரிகிறேஸ் கனவில் வருவதை நிறுத்தவில்லை, ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டே வந்தாள். கொண்டையும் பிடரியும் துல்லியமாக இருக்கும். முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கேயும் கொண்டையும் பிடரியும். விழித்து, மெழுகில் கை வைத்தால் மூக்குத்தண்டு தானாக உயர்ந்து பேக்கரிப் பெண்ணின் மூக்காகிவிடும். பார்க்காமல் எதையும் செய்யாதவர், பார்க்கக் கிடைக்காத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அந்த முகத்தை மறந்துவிட்டால், ஒருநாள் விமானநிலையத்தில் வந்து நிற்பவளை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதுதான் அவருடைய கவலை.

செஞ்சிலுவைச் சங்கத்தின் பழம்பொருள் கடையில் வாங்கிய இரண்டு வெண்ணெய்க் கத்திகளில் ஒன்று மெழுகுக்கு, மற்றது பாணில் வெண்ணெய் பூச. இரண்டும் ஒரே அச்சு. மெழுகுக் கத்தியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அதை அடுப்பில் சூடாக்கிச் சூடாக்கியே நூல் எரிந்துபோயிற்று.

"அண்ணை, இண்டைக்குப் பாணில என்னத்தைப் பூசினியள்?" என்று குலேந்திரன் ஒரு காலையில் வாயைத் துடைத்தான். "மேரிகிறேஸ் அக்கான்ர மூக்கில கொஞ்சம் எனக்குள்ள போயிட்டுது!"

வெண்ணெய் விஷயத்தில் சூசைதாசனுக்கு ஒரு கொள்கை உண்டு. வார்ப்பக முதலாளி ஸ்வென் கறுப்புப் பாணில் பூசும் வெண்ணெய், கடித்தால் பல்லின் தடம் பதியும் அளவுக்குத் தடிப்பாக இருக்கும். டேனிஷ்காரர்கள் அதற்கென்றே 'பல் வெண்ணெய்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஸ்வென் கடித்துவிட்டு வைத்த துண்டைச் சூசைதாசன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இவருக்குக் கடவாய்ப் பக்கம் ஒரு பல்லு உள்ளுக்குத் திரும்பியிரிக்கு," என்று கண்டுபிடித்தார். தான் மட்டும் சுரண்டிச் சுரண்டித்தான் பூசுவார். "பாணுக்குச் சட்டை போடலாம். போர்வை போர்த்தப்படாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் மேரிகிறேசின் ஊருக்கு, பங்குக் கோயில் பாதரின் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பார். மேரிகிறேஸ் அங்கே வந்து காத்திருப்பாள். சுகம் கேட்பதெல்லாம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

"ஈர்க்கு வச்சிரிக்கியா?"

"ஓம், வச்சிரிக்கன்."

"கன்னத்துச் சதையிலயிருந்து மற்றக் கன்னத்துச் சதை மட்டும் பிடிச்சு முறி. மறுகா மூக்கடியிலயிருந்து நாடி. முறிச்ச ஈர்க்கை அடிமட்டத்தில வச்சு எத்தினை அங்குலம் எண்டு வாசி."

அவள் வாசிப்பாள். பக்கத்தில் நிற்கும் பாதர் சிரிப்பை அடக்கச் செருமுவது கம்பிவழியே கேட்கும். "உங்களுக்கு மனிசி வேணுமா, அளவு வேணுமா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "அளவு சரியா இரிந்தா மனிசி தானா வரும்," என்றார். சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்ப அளக்கச் சொல்வார். அளவு எப்போதும் அதேதான். "பாத்தியா குலேந்திரன், ஒரு நூல்கூட மாறல்ல!" என்று அவர் மகிழ்ந்துபோவார்.

நடுவில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் மேரிகிறேசின் படம் ஒன்று வந்தது. அதில் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. குலேந்திரன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். சூசைதாசன் இரண்டு விநாடி பார்த்தார். "ஸ்ரூடியோக்காரன் லைட்டை மேல வச்சிட்டான். கன்னத்தில நிழல் விழுந்திரிக்கு," என்று மேசை இழுப்பறைக்குள் போட்டார். படம் பொய், அளவு மெய். மெழுகுக் கன்னம் புது மணப்பெண்ணின் கன்னம்போல உருண்டு வந்தது. பனிக்காலத்து வெளிச்சம் ஜன்னலில் தாழ்ந்து விழுகையில் அது தூங்குவதுபோலவும், கோடையில் சூரியன் போக மறந்து நிற்கும் பொழுதுகளில் ஏதோ சொல்ல வாயெடுப்பதுபோலவும் இருந்தது.

பெரிய உருண்டை ஒன்றை வார்க்கும் நாளில் வெண்கலம் மிஞ்சுமென்றும், அந்தத் தலையையும் வார்த்துவிடலாமென்றும் ஸ்வென் பலமுறை சொல்லிவிட்டார். சூசைதாசன் அசையவில்லை. மெழுகு உருகி ஓடிப்போன இடத்தில்தான் வெண்கலம் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் பிறகு திருத்தம் இல்லை. "ஆள் வரட்டும். பக்கத்தில வச்சு ஒருக்காப் பாத்திட்டு வார்ப்பம்," என்பார்.

கடைசியில் அனுமதி வந்தது. அவர் அந்த அளவுகளோடு கடைக்குப் போய், மற்ற அளவுகளையும் அதிலிருந்தே ஊகித்து, மேரிகிறேசுக்கு ஒரு நீலக் குளிர்க்கோட்டு வாங்கினார். பங்குனி மாதம், மூடுபனி. கோப்பன்ஹேகன் விமானநிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து ஒரு பெண் வந்து நின்றாள். அவர் முதலில் காதைப் பார்த்தார். காது அவளுடையதுதான். அதற்குப் பிறகுதான் முகத்துக்குப் போனார். போன வேகத்திலேயே கண்ணைத் திருப்பிக்கொண்டார். கோட்டைப் போட்டுவிட்டபோது அதற்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது.

மேற்கே போகும் ரயில், தீவுக்கும் தீவுக்கும் நடுவில் கடல் வந்ததும் பெட்டிகளோடு ஒரு கப்பலின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டது. "ரயில் கப்பலுக்குள்ள போகுதா?" என்றாள் மேரிகிறேஸ். "ஓம். இஞ்ச அப்பிடித்தான்," என்றார். மேல்தளத்தில் போய் உட்கார்ந்தார்கள். கடலும் வானமும் ஒரே பாலாக இருந்தன, கப்பல் போகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் யார் யாரையோ பார்த்துத் தீர்த்த மனிதர் எதிரில் இருந்தவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில், மூடுபனியின்மேல் மிதந்த அவளுடைய சாயலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன, பாக்கமாட்டீங்களா?"

"பாத்துக்கொண்டுதான் வாறன்."

"கண்ணாடியில தெரியிறது நல்லா இரிக்கா?"

கப்பல் ஒருமுறை ஊதியது.

மறுநாட்காலை குலேந்திரன் வேலைக்குப் போயிருந்தான். மேரிகிறேஸ் ஜன்னலோரம் துணியால் மூடியிருந்ததைக் கண்டு, துணியை எடுத்தாள்.

"இவ நல்லாத்தான் இரிக்கா. ஆரு இது?"

"விளையாடாத."

"என்ர ஈர்க்குத்தான், தெரியிது." அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "முதல் நாள் முறிச்ச ஈர்க்கைப் பைபிளுக்குள்ள வச்சிட்டன். அதுக்குப் பிறகு அளக்கவேயில்ல. ஞாயிறு ஞாயிறா அதைத்தான் வாசிச்சன்."

"ஏன்?"

"காய்ச்சல் வந்திச்சு. ஓடித்திரிஞ்சம். சோறு குறைஞ்சிட்டு. மெலிஞ்சிட்டன் எண்டு சொன்னா நீங்க இஞ்சயிருந்து என்ன செய்வீங்க? மெழுகைச் செதுக்குவீங்க. வேறென்ன?"

சூசைதாசனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. படத்தை இழுப்பறைக்குள் போட்ட கை அவருடையதுதானே. "எங்கட விண்ணப்பம் கோப்பன்ஹேகனில மேசையில கிடந்த காலத்துக்குள்ள ஒரு முகம் எவ்வளவு மாறும் எண்டு அவங்களை ஆராவது கேப்பாங்களா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்தார். கத்தியை அடுப்பில் காட்டினார். அவளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி உட்காரவைத்து, வந்ததிலிருந்து முதல்முறையாக நேரே பார்த்தார். நெற்றியிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் பார்த்தார். பிறகு மெழுகின் வலது கன்னத்தில் கத்தியை வைத்து ஒரு சீவு சீவினார். மெல்லிய பழுப்புச் சுருள் ஒன்று மேசையில் விழுந்தது.

மேரிகிறேஸ் அதை எடுத்தாள். விரல்களுக்கு நடுவில் உருட்டி இளக்கி, சீவிய இடத்திலேயே வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். அவளுடைய ரேகை அதில் பதிந்தது.

"இது கிடக்கட்டும்," என்றாள். "நான் இந்தக் கன்னத்துக்கு வந்து சேருறன்."

சூசைதாசன் கத்தியைச் சட்டைக் கையில் துடைத்தார். பாண் துண்டு ஒன்றை எடுத்து, அந்தக் கத்தியாலேயே வெண்ணெயை அள்ளி, நாலு மூலைக்கும் போய்ச் சேரும்படி, கடித்தால் பல் பதியும் தடிப்பில் பூசி, தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.