ஷோகேஸ் சங்கில் குடியேறிய நண்டு

என் மூத்த மகனின் நச்சரிப்பு தாங்காமல், கடற்கரையில் அவன் பிடித்த சங்கு நண்டை வீட்டில் வளர்க்கச் சம்மதித்தேன். தொட்டி கழுவுவதும் என் தலையில்தான் விழுந்தது. நண்டு வளர்ந்தால் பெரிய சங்குக்கு மாறுமாம். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகும் என் கணவர் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்திருந்த சங்குகளில், நண்டின் கூட்டைவிடச் சற்றே பெரிய ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டேன்.

என் மூன்று வயது மகள் தினமும் காதில் வைத்துக் கடல் சத்தம் கேட்பது அந்தச் சங்கில்தான். அதைப் பழக்கியதே நான். இருந்த அலுப்பில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் துணி காயப்போடும்போது அவள் அலறல் கேட்டது. தொட்டியிலிருந்து சங்கை எடுத்துக் காதில் வைத்திருக்கிறாள். புதுச் சங்குக்குள் புகுந்திருந்த நண்டு அவள் காது மடலைக் கவ்வியிருந்தது. நான் இழுக்க இழுக்க இன்னும் இறுக்கியது.

"ஏளா, இழுக்காத. பிச்சிரும். தொட்டித் தண்ணிய மேல ஊத்து" என்றபடி ஓடி வந்தார் கணவர்.

ஒரு குவளை ஊற்றியதும் நண்டு விட்டுவிட்டது. லேசான காயம்தான். கண்ணாக இருந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

அன்று மாலையே நண்டை அந்தச் சங்கோடு கடலில் விட்டோம்.

"அம்மா, என் கடல அது கொண்டு போயிட்டு" என்று மகள் அழுதாள்.

வேறு சங்கு கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே பார்த்து, முதலில் என் காதில் வைத்துவிட்டுத்தான் அவளிடம் தருகிறேன்.