குப்பையும் கம்பெனியோடதுதாங்க

என்னை வேலையை விட்டுத் துரத்தியவர் மரியாதையான மனிதர். எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறோடு கம்பெனிக்குள் நுழைவார். திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் நான் செக்கிங் டேபிளில் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். நான் தெற்கே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். என் மகளை கம்பெனிக் காப்பகத்தில் விட்டுவிட்டு நாள் முழுக்க நின்றபடி துணி பார்ப்பேன்.

அந்த மழைக்காலத்தில் குழந்தைகளுக்கான நீல ஜாக்கெட் ஆர்டர் ஓடியது. உள்ளே புசுபுசுவென்று இருக்கும், தலைக்குத் தொப்பி உண்டு. நெஞ்சில் ஒரு சின்ன வெள்ளை வாத்து, அந்த வெளிநாட்டுக் கடையின் அடையாளம். ஓவர்டைம் போட்டுத் தைத்து, பெட்டி கட்டும் நேரத்தில், சரக்கை வாங்கும் அந்தக் கடைக்காரரிடமிருந்து, எங்கள் பேச்சில் பையரிடமிருந்து, தகவல் வந்தது: நீலம் ஒரு ஷேடு கூடிவிட்டது, சரக்கு வேண்டாம். வாத்து இருப்பதால் வெளியே விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. வெட்டித்தான் போட வேண்டும்.

எங்கள் கையில் கத்தரியைக் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கீழ்வரை, வாத்தின் நடுவே, ஒரே வெட்டு. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா உள்ளூர்க்காரர், கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர். அவர் வெட்டும்போது கத்தரியைப் பார்க்க மாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். நான் பார்த்துத்தான் வெட்டினேன். பிசிறில்லாத தையல், இழுத்தால் விரியும் நல்ல துணி. கட்டை விரலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, அதன் மேலேயே துணி சுற்றிக்கொண்டு வெட்டினேன்.

கம்பெனிக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருந்த பிள்ளைகள் அந்த ஈரத்தில் வெறும் பனியனோடு திரிந்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள், எல்லாம்தான். நான் மேனேஜரிடம் நேராகவே போய்க் கேட்டேன்.

"சார், அந்த வாத்த மட்டும் பிரிச்சு எடுத்துட்டு புள்ளைகளுக்குக் குடுத்தா என்ன சார்?"

"நல்ல மனசுங்க உங்களுக்கு," என்றார். "ஆனா ரூல்ஸ் அப்பிடிங்க. ஒரு பீஸ் வெளிய போனாலும் ஆர்டர் போயிருமுங்க. போயி வேலையப் பாருங்க."

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வெட்டிப்போட்ட ஒன்றைச் சுருட்டி என் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். வெட்டியதுதானே, இனி அது ஜாக்கெட் இல்லையே என்று நினைத்தேன். "வேண்டாஞ் சாமி," என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. கம்பெனி வாசல் கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். செக்யூரிட்டி, மேனேஜரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"வெட்டிப் போட்டதுதான சார். குப்பைக்குத்தான போவுது."

"குப்பையும் கம்பெனியோடதுதாங்க," என்றார்.

பிறகு அந்தத் துண்டை என் கழுத்தில் மாலை மாதிரி போட்டார். "கொஞ்ச நேரம் இப்படி நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்." ஷிப்ட் விடும் நேரம். கம்பெனி மொத்தமும் என்னைக் கடந்து போனது. காப்பகத்து ஆயா என் மகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். குழந்தை அந்தத் துணியின் புசுபுசுப்பைத் தடவித் தடவிச் சிரித்தது. கடைசி ஆளும் போன பிறகு, "நாளையிலிருந்து வர வேண்டாங்க," என்றார். அத்தனை மரியாதையாக யாரும் என்னை அசிங்கப்படுத்தியதில்லை. அந்த ஆளை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வெட்டிய துணி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பல்லடம் ரோட்டில் ஒரு வேஸ்ட் குடோனுக்குப் போகும். அங்கே நிறம் பிரித்து மூட்டை கட்டி வெள்ளகோவில் பக்கத்து மில்லுக்கு அனுப்புவார்கள். மில்லில் அதைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி மட்டமான நூலாக்குவார்கள். அந்தக் குடோனிலேயே நிறம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் வாரம் நீல மூட்டைகள் இறங்கின. குடோன்காரரிடம் கேட்டேன், எடைக்கு எடை, மில்காரன் தரும் விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் ஒரு பழைய தையல் மெஷின் இருந்தது. நீல நூல் போட்டுத் தைத்தால் வெட்டு வெளியே தெரியாது. எனக்குத் தெரிய வேண்டும். ரத்தச் சிவப்பில் தடித்த நூல் வாங்கினேன். கழுத்திலிருந்து கீழ்வரை, வாத்தின் இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்து, தழும்பு மாதிரி தைத்தேன். துணி விலையோடு தைத்த கூலியை மட்டும் சேர்த்து லைன் வீட்டுப் பெண்களிடம் கொடுத்தேன். தை பிறப்பதற்குள் அந்தப் பகுதியில் தெருவெல்லாம் சிவப்புத் தழும்போடு நீலப் பிள்ளைகள் ஓடின.

பையரின் ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அக்கா சொன்னார். வந்தால் காப்பகத்தைக் கட்டாயம் காட்டுவார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பூக் கொடுக்க வைப்பது வழக்கம். காப்பகத்தில் பிள்ளையை விடும் ஒவ்வொரு தாயிடமும் போய், அன்றைக்கு இதையே போட்டு அனுப்புங்கள் என்று கேட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், "அந்த ஆளு மூஞ்சி போற போக்க ஒன்னால பாக்க முடியாதே," என்றாள்.

எனக்கும் அந்த வருத்தம்தான். நான் குடோனில் இருந்தேன். ஒரு பீஸ் வெளியே போனாலும் ஆர்டர் போய்விடும் என்றாரே, ஒரு வரிசையே நிற்கிறது, பார்க்கட்டும். சாயந்தரம் அக்கா போன் செய்தார். குரல் சரியில்லை.

"அந்த வெள்ளக்காரம்மா மண்டி போட்டு உக்காந்து தையலத் தொட்டுப் பாத்துச்சுங்கண்ணு. அழகா இருக்குன்னுச்சு. இது யாரு செஞ்சதுன்னு கேட்டுச்சு."

"மேனேஜரு என்ன சொன்னாரு?"

"நம்ம கம்பெனித் திட்டங்க, வீணாப் போறத ஏழப் புள்ளைகளுக்குத் தெச்சுக் குடுக்கறோமுங்கன்னாரு. மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்ல."

போட்டோ எடுத்தார்கள். அது பெரிதாக்கப்பட்டு ஆபீஸ் முகப்பில் மாட்டப்பட்டது. கேட்டில் நின்றபோதுகூட எனக்கு அப்படிக் கொதிக்கவில்லை.

சில நாள் கழித்து அவரே வந்தார். எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. நடந்து வந்து வாசலில் நின்றார்.

"அம்மிணி, நல்லா இருக்கறீங்களா? அந்தம்மா அவுங்க ஊர்க் கடையில காட்டறதுக்கு நூறு எண்ணம் கேக்கறாங்க. நீங்க தெச்சதுன்னு கேள்விப்பட்டனுங்க. மறுபடி வேலைக்கும் வந்துரலாமுங்க."

தைத்த ஜாக்கெட்டுகள் அவர் கண்ணெதிரே கட்டிலில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நறுக்கிக் காட்ட ஆசையாக இருந்தது. கத்தரியைக்கூட எடுத்துவிட்டேன். நல்ல துணியை மறுபடி வெட்டக் கை வரவில்லை. அதற்காக என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

"எல்லாம் குப்பை சார். ஒங்களுக்கு எதுக்கு?" என்று கதவைச் சாத்தினேன். வெயிலில் அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போன செருப்புச் சத்தம் கேட்டது. அது இனித்தது.

அதன் பிறகு அவர் செய்ததை நான் கனவிலும் நினைக்கவில்லை. பழைய சரக்கு தீர்ந்துபோயிருந்தது. ஆகவே சரியான ஷேடில் புதிதாகத் தைத்து, கப்பலேறத் தயாராக இருந்த ஜாக்கெட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெட்டச் சொல்லி, சிவப்பு நூலால் தைக்கச் சொன்னார். வெட்டியது அக்காதான். வீணாக்குவதில்லை என்று காட்டுவதற்காக நல்ல ஜாக்கெட்டுகளை வீணாக்கினார்கள். தையல் கோணிப்போனவற்றை மூட்டை கட்டி வேஸ்ட்டுக்குப் போட்டார்கள். அந்த மூட்டை என் குடோனுக்கு வந்து, என் முன்னால் அவிழ்ந்தது.

நான் கைப்பை நிறைய எடுத்துக்கொண்டேன். குடோன்காரரிடம் சொல்லிவிட்டே எடுத்தேன். அந்தப் பையரின் திருப்பூர் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசிக் குளிர். பொறுப்பில் இருந்தது ஒரு சின்ன வயசுப் பெண். நான் தைத்த பழைய ஜாக்கெட்டையும், இந்தப் புதியவற்றையும் அவள் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நீலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டாள்.

"உங்களுக்கு என்னக்கா வேணும்?"

"அந்த ஆளு போகணும்."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். வேலை, நஷ்டஈடு, மன்னிப்பு எதையும் நான் கேட்கவில்லை.

மாசி முடிவதற்குள் போனார். எந்த நாள் கிளம்புகிறார் என்று அக்கா சொன்னார். குடோனுக்கு லீவு போட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு எதிர் பேக்கரியில் டீ வாங்கி நின்றேன். டிபன் கேரியரும் ஒரு சாமி படமுமாக வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். ரோட்டைக் கடந்து வந்தார்.

"போயிட்டு வர்றனுங்க அம்மிணி," என்றார்.

டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பாவம் என்று தோன்றுகிறதா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆனால் அந்தச் சின்னப் பெண்ணின் ஆபீஸ் இன்னொன்றும் செய்தது. இனி எந்தப் பீசும் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியே போகக் கூடாது என்று கம்பெனிக்கு உத்தரவு போட்டது. கம்பெனி ஒரு மெஷின் வாங்கியது. வேண்டாத சரக்கை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் நார் நாராக வருகிறதாம். கை வலிக்காமல் இப்போது இன்னும் சீக்கிரமாக முடிகிறது என்கிறார் அக்கா. போன மாதம் ஒரு பச்சை ஸ்வெட்டர் ஆர்டர் முழுதும் அதற்குள் போயிற்று. பட்டன் வரிசை அரை விரல் தள்ளியிருந்ததாம். குடோனில் மூட்டையை அவிழ்த்தேன். பச்சைப் பஞ்சு. தைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

மெஷின் வாங்க ஆலோசனை சொன்னது புது மேனேஜரா, முதலாளியா என்று அக்காவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.