பசைக்கு வாங்கிய மாவு

எனக்கும் என் தங்கைக்கும் அப்போது பாவாடை தைத்தது காலிகோ துணியில். பேரேடுகளின் அட்டைமேல் ஒட்டும் கருநீலத் துணி அது. கஞ்சி ஏற்றி விறைத்துப்போயிருக்கும். உட்கார்ந்தால் சத்தம் போடும், மழையில் நனைந்தால் சாயம் கணுக்கால் வரைக்கும் இறங்கும். ஐயா வெட்டிப் போட்ட துண்டுகளை அம்மா சேர்த்து வைத்து, ஒட்டுப் போட்டுத் தைத்தாள். பாளையங்கோட்டைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலிடும்போது எங்கள் பாவாடைகள் இரண்டும் சேர்ந்து மொடமொடக்கும். பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு, “பேரேடு ரெண்டும் வந்தாச்சுட்டீ” என்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். நாலு வயதுத் தங்கைக்கு மட்டும் அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும், வேண்டுமென்றே எழுந்து எழுந்து உட்காருவாள்.

ஐயா ஓர் அச்சாபீசில் புத்தகம் கட்டும் வேலையில் இருந்தார். மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, கிறிஸ்மசுக்கு ஒரு வேட்டி என்று வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவருடைய தம்பி கொழும்பில் கடை வைக்கப் போகிறேன் என்று அரிசிக்கடை அண்ணாச்சியிடம் இருநூறு ரூபாய் வாங்கினார். ஐயா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா தூத்துக்குடியில் கப்பல் ஏறியதோடு சரி, ஒரு கடிதாசிகூட வரவில்லை. அண்ணாச்சி கெட்டவர் இல்லை. வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டதும் இல்லை. ஆனால் இரண்டு தெரு தள்ளி அவர் கடை, அதைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். ஐயா அந்த இடம் வந்ததும் குடையைத் தாழ்த்திக்கொள்வார். வெயிலும் இருக்காது, மழையும் இருக்காது, குடை மட்டும் விரிந்திருக்கும்.

சம்பளத்தில் வட்டியைத்தான் கட்ட முடிந்தது. அதனால் ஐயா வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தொழில் தொடங்கினார். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு மர அழுத்துப்பலகை, ஊசி, நூல், கத்தி, தாலுகா கச்சேரி குமாஸ்தாக்கள் நாலைந்து பேரின் பழக்கம். இருந்த இரண்டு அறையில் முன்னறை தொழிலுக்குப் போயிற்று. பின்னறையில் நாங்கள் நாலு பேர், அடுப்பு, காகிதக் கட்டு எல்லாம். எனக்குப் பதினோரு வயது. விரல் மெலிதாக இருந்ததால் தாள்களைக் கோத்துத் தைக்கும் வேலை எனக்கு வந்தது. நன்றாகவே தைத்தேன், அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் எல்லாம் அளவுதான். காலையில் பழஞ்சோற்று நீத்தண்ணீர், மத்தியானம் ஒன்றுமில்லை, சாயங்காலம் கேப்பைக்கூழ் அல்லது குருணைக் கஞ்சி. ஒருநாள் குழம்புக்குக் கரைத்த புளியை அம்மா காயவைத்து மறுநாளும் கரைப்பாள். வெட்டிக் கழித்த காகித விளிம்புதான் அடுப்பெரிக்க. எப்போது கேட்டாலும் ஐயா, “இன்னும் ரெண்டு வருசம், அங்கன போய்ட்டா நிமிந்துரலாம்” என்பார். அங்கன என்பது எந்த இடம் என்று தங்கை கேட்பாள். மேட்டுத்திடல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியா என்று கேட்பாள்.

எங்கள் வீட்டுக்குள் வெள்ளை வெளேரென்று வந்த ஒரே பொருள் பசைக்கு வாங்கிய மாவு. கச்சேரிப் பேரேடு பத்து வருஷம் பிரித்து மூடினாலும் கட்டு விடக்கூடாது என்பதற்காக ஐயா அதில் மட்டும் சிக்கனம் பார்க்கமாட்டார். ரொட்டி சுடுகிறவரிடம் போய் நல்ல கோதுமை மாவாகப் பார்த்து வாங்கிவருவார். அதைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டும்போது வீடெல்லாம் ஒரு வாசனை வரும். ஏலம் போடாத பாயசத்தின் வாசனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற நீலத் தூளைப் பசையில் கலப்பது வழக்கம். அது விஷம். பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் ஐயா அதைப் பானையில் போடமாட்டார், ஒட்டும் நேரத்தில் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் பசையை எடுத்து அதில் கலந்துகொள்வார். பானையில் இருப்பது வெறும் மாவுக் கூழ்.

அதை முதலில் தின்றவள் நான்தான். ஐயா கச்சேரிக்குப் போயிருந்தார், அம்மா வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தேன். உப்பில்லை, இனிப்பில்லை, ஆனால் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. மறுநாள் தங்கைக்கும் கொடுத்தேன். கொடுக்காமல் தின்ன எனக்கு மனம் வரவில்லை, அதை இப்போதும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பிறகு அது எங்கள் மத்தியானச் சாப்பாடு ஆயிற்று.

பானையில் பசை குறைவதை ஐயா கவனித்துவிட்டார். புதுப் பசலி, அதாவது கச்சேரிக் கணக்கு வருஷம், பிறக்கப்போகிற சமயம், கச்சேரியிலிருந்து நாற்பது பேரேடு கட்டித்தரச் சொல்லி கட்டுக்கட்டாக அரசாங்கக் காகிதம் வந்து இறங்கியிருந்தது. அவர் தொழிலில் அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. சரியாக முடித்துக் கொடுத்தால் வருஷா வருஷம் அந்த வேலை அவருக்கே, கடனில் பாதி ஒரே தடவையில் கழியும். அந்த நேரத்தில் மாவு தீர்ந்துகொண்டே போனால் எந்த மனிதருக்கும் எரிச்சல் வரத்தானே செய்யும்.

“ஏட்டி, பசை கொறையுதே, யாரும் தொடுதியளா?” என்று கேட்டார்.

“எலி வருதுய்யா” என்றேன்.

அவர் பானைக்குள் குனிந்து பார்த்தார். “எலியா” என்றார். “சரி, எலிக்குத் துத்தம் போட்டாத்தான் சரிப்படும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் கண்முன்னாலேயே அந்த நீலத் தூளை எடுத்துப் பானையில் கொட்டிக் கிண்டினார். அம்மாவைக் கூப்பிட்டு, “பிள்ளையள பக்கத்துல விடாத, எலிக்கு வெசம் வச்சிருக்கேன்” என்று உரக்கச் சொன்னார். நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். தங்கையிடம், “இனிமே தொட்டா எலி கடிச்சிரும்” என்றேன். விஷம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் அம்மா காதில் விழும் என்று பயந்தேன். எலி என்பதே போதும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ராதாபுரம் பக்கத்திலிருந்து அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் வந்து கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனார். அம்மா எங்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கட்டி கொடுத்துவிட்டு வாய்க்காலுக்குப் போனாள். நான் என்னுடையதை உடனே வாயில் போட்டுக்கொண்டேன். தங்கை தன்னுடையதைக் கையில் மூடி வைத்திருந்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் பானை மூடி நகர்கிற சத்தம் கேட்டது. கேட்டதும் எலி என்றுதான் எனக்குத் தோன்றியது. இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அப்படித்தான் நடந்தது. நானே கட்டிவிட்ட கதை, மூன்று நாள் சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிப் போயிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் “சூ” என்றேன். அவள் கருப்பட்டியை நசுக்கி, பசைக்குள் வைத்துக் கொழுக்கட்டை மாதிரி பிடித்துத் தின்றிருக்கிறாள். துத்தம் சரியாகக் கரையாமல் பானையின் ஒரு பக்கமாகத் தேங்கியிருந்தது. கைப்புத் தெரியாமல் கருப்பட்டி பார்த்துக்கொண்டது.

அவள் நீலமும் பச்சையுமாக வாந்தி எடுத்தாள். வைத்தியர் வந்தார், மோர் கொடுத்தார்கள், முட்டை வெண்கரு கொடுத்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மாவின் மடியில் போய்விட்டாள்.

ஆற்றங்கரை ஊர்களில் அப்போது காலரா நடந்துகொண்டிருந்தது. வாந்தி என்ற பேச்சு தெருவில் பரவியதும் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. காலையில் முனிசிபாலிட்டி மேஸ்திரி இரண்டு ஆட்களோடும் சுண்ணாம்புத் தூளோடும் வந்து நின்றார். காலரா வீடு என்றால் பாய், துணி, காகிதம் எல்லாவற்றையும் தெருவில் போட்டு எரிக்க வேண்டும். முன்னறையில் நாற்பது பேரேடும் முக்கால்வாசி கட்டிய நிலையில் அடுக்கிக் கிடந்தன. அவை எரிந்தால் அரசாங்கக் காகிதத்துக்கு ஐயா ஈடு கட்ட வேண்டும், அதன்பின் காலரா வீட்டுக்கு யார் புத்தகம் அனுப்புவார்கள்? ஊரார் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருவானவர் வந்திருந்தார். அரிசிக்கடை அண்ணாச்சியும் ஓரமாக நின்றார்.

ஐயா வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“காலரா இல்லய்யா. பிள்ளை பசியில பசையத் தின்னுட்டா. எலிக்குன்னு துத்தம் போட்டு வச்சிருந்தது நான்தான். பானை உள்ள இருக்கு, வந்து பாத்துக்கிடுங்க.”

மேஸ்திரி உள்ளே வந்து பானையைப் பார்த்தார். வைத்தியரும் ஆமாம் என்றார். பிறகு போலீஸ்காரர் ஒருவர் வந்து, கைத்தவறுதல் என்று எழுதிக்கொண்டு போனார். பேரேடுகள் தப்பின. கடன்காரன் வீடு என்று ஊருக்குத் தெரியும், பட்டினி வீடு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எலியே கிடையாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா ஐயாவிடம் ஒன்றுதான் கேட்டாள். “அந்த நோட்டுகளைக் காப்பாத்தத்தானே நாலு பேருக்கு முன்னால அதச் சொன்னிய?” ஐயா ஆமாம் என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அண்ணாச்சி அன்று ஒரு மூட்டை பச்சரிசி அனுப்பினார். ஐயா அதையும் கடனில் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் இறக்கினார். அம்மா பொங்கிப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். சோறு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நாற்பது பேரேடும் சொன்ன நாளில் கச்சேரிக்குப் போயின. ஐயா எதிர்பார்த்தபடியே அந்த வேலை வருஷா வருஷம் வந்தது. ஜெர்மன் சண்டை வந்து காகிதம் யானை விலை விற்றபோது, புதிது வாங்க முடியாத ஆபீசுகள் பழசையெல்லாம் பிரித்துக் கட்டக் கொண்டுவந்தன. வீட்டை விட்டுக் கடைத்தெருவுக்கு மாறினோம். மூன்று ஆள் வேலைக்கு இருந்தார்கள். ஐயா நிமிர்ந்துதான் விட்டார். அம்மா மட்டும் கடைப்பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை.

கடன் முடிந்த அன்று அண்ணாச்சி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஐயா அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இனியும் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது என்று தோன்றியது.

“எய்யா, அன்னைக்கு எலி கெடையாது. நானும் அவளுந்தான் தின்னோம். நான் பொய் சொன்னேன்” என்றேன்.

ஐயா என் பக்கம் திரும்பவில்லை.

“தெரியும்ட்டி” என்றார். “எலி தின்னா வெரல் தடம் இருக்குமா? பெரிய வெரல் ஒண்ணு, சின்ன வெரல் ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்யா துத்தம் போட்டிய?”

“ஒங்க கண்ணு முன்னாலதான போட்டேன். பாத்தா தொடமாட்டிய, தொட்டாலும் கைப்புக்குத் துப்பிருவியன்னு நெனச்சேன். பசிக்குத் தின்ன பிள்ளையள கூப்பிட்டு வச்சு எப்பிடிக் கேக்க? நீ எலின்னு சொன்னதும் எனக்கும் அது லேசாப் போச்சு.”

பிறகு அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பற்றித் திரும்பப் பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்கிறது, என்மேல் வந்திருக்கிறது, சில வருஷங்கள் அம்மாமேல்கூட வந்திருக்கிறது. இப்போது அவர் வயதையும் தாண்டிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஐயா, பசிக்குது என்று நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. பசிக்குதா ஏட்டி என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டில் எது ஒன்று நடந்திருந்தாலும் என் தங்கைக்கு இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.