குப்பம்மாவின் பள்ளிப் பெயர்

மழையில் ஊறிய மீன் செதிளும் புளித்த சோறும் பிள்ளைத்துணி அலசிய தண்ணீரும் ஒன்றாய் அழுகும் நாற்றம் எங்கே வந்தாலும், பிள்ளைகளே, நான் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். என் தங்கையின் பெயர் அந்த நாற்றத்திலிருந்து வந்தது.

திருவனந்தபுரம் பக்கத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் 'லயத்து'க்குப் பின்னால் ஒரு குப்பைமேடு. எனக்கு அடுத்துப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் மூன்றாவது பிறந்ததும் அம்மா அதை அந்த மேட்டில் கிடத்தினாள்; பக்கத்து வீட்டு அத்தை 'கண்டெடுத்து' வந்து அவள் கையில் கொடுத்தாள். பெயர் குப்பம்மா. பெயர் அருவருப்பாயிருந்தால் எமன் தொடமாட்டான் என்பது நம்பிக்கை.

அவளை வித்துராப் பள்ளியில் சேர்க்கப் போனபோது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு மலையாளம் வராது.

"கொச்சின்றெ பேரெந்து?" என்று பிள்ளையின் பெயரைக் கேட்டார் குமாஸ்தா. அம்மா சொன்னதும் முகம் சுளித்தார். "குப்பயோ? வேறெ பேரில்லே?"

எனக்குக் கூசிவிட்டது. "சுதா" என்றேன். அதுவும் ஏதோ மலையாளச் சொல் என்று நினைத்து அம்மா தலையாட்டினாள். சுதா என்றால் அமுது என்பது பின்னால் தெரிந்தது; அன்று தெரிந்ததெல்லாம் அது நாறாது என்பதுதான்.

அந்த மழைக்காலத்தில் தங்கைக்குக் கடும் காய்ச்சல். மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. அவளைப் பார்க்க வந்த பள்ளித்தோழி ஒருத்தி "சுதா" என்று கூப்பிட்டதில் எல்லாம் வெளிப்பட்டது.

"பேர மாத்திட்டியேலே. எமனுக்கு நீயே வழி காட்டிட்டியே" என்றாள் அம்மா. அனலாய்க் கொதித்த பிள்ளையைத் தூக்கிப்போய், கொட்டும் மழையில் அதே மேட்டில் கிடத்தினாள். "மாத்தினவன் நீதான? நீயே எடுத்துட்டு வா."

தங்கையின் தலைமுடியில் செதிள் ஒட்டியிருந்தது. கன்னத்தில் ஒரு புழு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, குனியும்போதே வாந்தியெடுத்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். பிறகுதான் தூக்கினேன்.

நான்கு நாளில் காய்ச்சல் விட்டது. மருந்தால்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். அம்மா ஒத்துக்கொண்டதே இல்லை.

இப்போது அங்கே லயங்கள் பாதி இடிந்து கிடக்கின்றன. அப்படிப் பெயர் வைப்பாரும் இல்லை. தங்கை திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டு. எல்லோருக்கும் சுதா மேடம். அம்மா மட்டும் கடைசிவரை குப்பம்மா என்றே கூப்பிட்டாள்; அவளும் "என்னம்மா" என்று ஓடிவருவாள். அம்மா போனபின் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லையே என்று, போன மாதம் நான் ஒருதரம் அப்படிக் கூப்பிட்டேன்.

"அம்மா கூப்பிட்டா சரி" என்றாள். "நீ கூப்பிடாதண்ணே."