கயிற்றின் கடைசி ஆள்

கயிறிழுத்தல் என்றால் எனக்குப் பைத்தியம். ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் இரண்டும் முனகுகிற, பாண் சுடுகிற தொழிற்சாலைக்கு விடியற்காலை வேலைக்குப் போகிற ஒருவனுக்கு இது தேவையா என்று மனைவி கேட்பாள். தேவைதான். சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில், எங்கள் குடியிருப்பு விழாவில் வருடாவருடம் கட்டடத்துக்குக் கட்டடம் கயிறிழுப்பார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற கட்டடக்காரர் வருடாவருடம் எங்களைப் புல்லில் தேய்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். பிறகு கிழமைக் கணக்காக, கடையில், ட்ராமில், கண்ட இடத்தில் எல்லாம் கையால் கயிறிழுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை விடுவதில்லை என்று கீழ்வீட்டுக் கொசோவோக்காரரும் நானும் முடிவெடுத்தோம். அவர் லொறி ஓட்டுகிறவர். எங்கள் அணிக்குத் தலைவர். எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர் இருந்தோம். கயிற்றின் கடைசியில் நிற்க ஆள் இல்லை. அந்த இடத்துக்குக் கண்டவர் நின்றவரைப் போட முடியாது. கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, உயிர் போனாலும் அசையாமல் சாய்ந்து நிற்க வேண்டும்; எல்லாரும் ஒரே தாளத்தில் இழுக்கப் பின்னாலிருந்து கத்தவும் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடிக்கு ஒருவர் குடிவந்தார். ஒரு அலுமாரியை முதுகில் வைத்துத் தனியாளாகப் படியேறினார். தலைவரும் நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். எனக்குத் துள்ளலாம் போல இருந்தது. மறுநாள் அவருடைய கதவு மணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்டியிருந்தது. சிங்களப் பெயர். துள்ளல் அப்படியே அடங்கிப்போய்விட்டது.

"அவரைச் சேர்க்கப்போறியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"அலுமாரியை நீர் பாக்கேல்லை," என்றேன்.

"இழுக்கிறதெண்டா இழுங்கோ. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

சிங்களவரோடு பகை என்று நான் திரிந்ததில்லை. இந்த நாட்டில் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்; தலையசைப்பேன், விலகிப்போவேன். எங்கள் அணியிலேயே செர்பியர் ஒருவர் இருந்தார். கொசோவோக்காரருக்கும் செர்பியருக்கும் நடந்த யுத்தம் உலகத்துக்கே தெரியும். அவர்கள் இருவரும் ஒரே கயிற்றில் நின்று ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்தபடி இழுப்பார்கள். பார்க்க நல்ல பகிடி. அடுத்தவன் சண்டை எப்போதும் பகிடிதானே.

முதல் பயிற்சி கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற புல்தரையில் நடந்தது. நான்கு பேருக்கு நான்கு பேர். புதியவர் கடைசி ஆள். அவருக்கு முன்னால் நான். கயிற்றைப் பிடித்த விதத்திலேயே ஆள் பழக்கப்பட்டவர் என்று தெரிந்தது. சித்திரைப் புதுவருட விளையாட்டுகளில் சின்ன வயதிலிருந்தே இழுத்தவராம். இழுக்கத் தொடங்கினோம். ஆகா! பின்னால் ஒரு சுவரைக் கட்டி வைத்ததுபோல இருந்தது. எதிர்ப்பக்கம் தடுமாறியது. நான் சந்தோசத்தில் "ஹொப்! ஹொப்!" என்று கத்தினேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, உரத்து, தமிழில் குரல் வந்தது.

"நில்லு! நில்லு!"

நான் கயிற்றை விட்டேன். விட்டதுகூட எனக்குத் தெரியாது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. என் பக்கத்து ஆட்கள் குப்புற விழுந்தார்கள். அந்த மலைபோன்ற மனிதர் கயிற்றோடு வயிற்றால் இழுபட்டுப் போனார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையைத் தூக்கியபடி நின்ற என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான்: கொசோவோக்காரர், செர்பியர்.

புதியவர் எழுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. எங்களுக்குள் டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில்தான் கதைத்தோம்.

"காலை ஊண்டி நில்லும் எண்டுதான் சொல்ல வந்தனான். தமிழில சொன்னா உமக்குச் சந்தோசமா இருக்குமெண்டு நினைச்சன்," என்றார். "எனக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான். நில்லு, இறங்கு, பையைத் திற, எங்க போறாய்."

"எங்க படிச்சனீர்?"

"வவுனியாவில. ஆமியில இருந்தனான். செக்பொயின்ற்றில."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கூட்டியது.

கலியாணம் முடிந்த புதிதில் அதே வவுனியாவில் ஆமிக்காரர் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, அடித்து, கையைத் தூக்கியபடி வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். மத்தியானம் முழுக்க நின்றேன். என்னைப் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவள் என் புது மனைவி. அடித்ததைவிட அவள் பார்த்ததுதான் எனக்கு வலித்தது. அந்த ஆள் இவராக இருக்குமோ? வயது பொருந்தாது என்று புத்தி சொன்னது. என் முதுகு அதைக் கேட்கவில்லை.

இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. மாடியில் நின்று யன்னலால் பார்த்துப் பல்லைக் கடித்தேன். என் இடத்தில் யாரோ ஒரு நோஞ்சானைப் போட்டிருந்தார்கள். கால் வைக்கவே தெரியாதவன்!

கொசோவோக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"அந்தச் செர்பியன் எனக்குப் பின்னால நிக்கிறான்," என்றார். "எனக்கு ஆசையாவோ கிடக்கு? தலையைத் திருப்பாமல் இழுக்கிறன். உன்ர விருப்பம்."

அவர் போனபின் நெடுநேரம் கதவடியிலேயே நின்றேன். பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவர் கதவைத் திறந்ததும், உள்ளே வரச் சொல்ல முன்னமே சொல்லிவிட்டேன்.

"வாறன். ஆனா என்ர முதுகுக்குப் பின்னால நீர் வாய் திறக்கக் கூடாது. எந்தப் பாசையிலயும்."

"சரி," என்றார்.

விழா நாள் வந்தது. என்ன கூட்டம்! பொரித்த சோசேஜ் மணம், பிள்ளைகளின் கூச்சல். ஒலிபெருக்கியில் யாரோ எங்கள் கட்டடத்தின் இலக்கத்தைச் சொன்னதும் முந்திக்கொண்டு கயிற்றடிக்கு ஓடினேன். தண்டவாளத்துக்கு அப்பால் இருப்பவர்கள் எங்களைக் கண்டதும் வழக்கம்போலக் கையால் கயிறிழுத்துக் காட்டினார்கள். பொறுங்கோடா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

மூன்று தரம் இழுக்க வேண்டும். முதல் தரம் தோற்றோம். அவரவர் தன் பாட்டுக்கு இழுத்தோம். ஒரு தாளமும் இல்லை. இரண்டாம் தரம் தலைவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒரே மூச்சாக இழுத்து வென்றோம்! நான் செர்பியரைக் கட்டிப்பிடித்தேன், செர்பியர் கொசோவோக்காரரைக் கட்டிப்பிடித்தார், பிறகுதான் இருவருக்கும் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று உறைத்தது.

மூன்றாம் தரம் தலைவருக்குக் குரல் போய்விட்டது. வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது. நாங்கள் வழுக்கத் தொடங்கினோம். என் சப்பாத்து புல்லை உழுதது. உள்ளங்கை எரிந்தது. பின்னால் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது, மாடு இழுக்கிற மூச்சு. அந்த மனிதர் தனியாளாக எங்கள் ஏழு பேரையும் தாங்கிக்கொண்டு, சொன்ன சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார். முதல் தரம் நாங்கள் தோற்றதும் இதனால்தான், இப்போது தோற்கப்போவதும் இதனால்தான். இது என்னால்தான்.

நான் தலையைத் திருப்பினேன். நரம்பெல்லாம் புடைத்த அந்த முகத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"வாயைத் திற! கத்து!"

குதியை இன்னும் ஆழமாகப் புல்லில் ஊன்றினார். பிறகு, தமிழிலும் இல்லை, டொச்சிலும் இல்லை, சின்ன வயதில் புதுவருடத்துக்குக் கயிறிழுத்தபோது கத்திய பாசையில் முழங்கினார்.

"அதின்ன!"

இழு என்று அர்த்தம். யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. என் உடம்பு பின்னால் சாய்ந்தது. "அதின்ன!" நானும் கத்தினேன். செர்பியர் கத்தினார், குரலில்லாத தலைவர் கத்தினார், எங்கள் சுவிஸ்காரர்கள் கத்தினார்கள். என்ன சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கயிறு வந்தது. அடி அடியாக வந்தது. எதிரே இருந்த சிரித்த முகங்கள் எல்லாம் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தன.

புல்லில் மல்லாந்து கிடந்து ஊளையிட்டேன். வெட்கமே இல்லை. மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கிய கையை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிங்களத்தில கத்தினீங்கள்," என்றாள்.

"ஓம்."

"அண்டைக்கு வவுனியாவில, அந்த வெயிலுக்குள்ள, உங்கட வாயால ஒரு சத்தமும் வரேல்லை. பஸ்ஸுக்குள்ள இருந்து நான் அதுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தனான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வென்ற சந்தோசம் என்று நினைத்து, மூன்றாம் மாடிக்காரர் பின்னாலிருந்து என் முதுகில் தட்டினார்.