சார்ஜன் நாள்

அருளம்பலத்துக்கு இரண்டு தொழில். இரவில் திருகோணமலைத் துறைமுகத்து மரக் களஞ்சியத்தில் காவல். பகலில், நித்திரை வராத நேரமெல்லாம், வீட்டுக் குசினியில் கேக் அடிப்பது. வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் அதிகாரிகளின் குசினியில் முட்டை அடித்துப் பழகிய கை அது. மீசை வைத்த ஆம்பிளை கேக் சுடுகிறானே என்று சிரிக்காத வீடு அவர் குடியிருந்த அன்புவழிபுரத்தில் இல்லை. சிரித்தவர்களெல்லாம் வாசனை வந்ததும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வேலியோரம் வந்து நிற்பார்கள் என்பது வேறு கதை.

களஞ்சியத்தில் அவருக்குத் துணை, சார்ஜன் என்ற நாய். அது குட்டியாக வந்து சேர்ந்த நாளை அவர் மறப்பதேயில்லை. வருடாவருடம் அந்த நாளில், மண்ணெண்ணெய்த் தகரத்தால் தானே செய்த போறணை அடுப்பில் மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டு ஒரு பட்டர் கேக் சுட்டுக் கொண்டுபோவார். முதல் துண்டு சார்ஜனுக்கு, மிச்சம் தொழிலாளருக்கு. எந்தக் கலண்டரிலும் இல்லாத அந்தத் திருநாளில் தேநீர் நேரம் கால்மணி கூடுதலாக நீளும். ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

புதிதாக வந்த பொறுப்பாளர் குணரத்தினம் கேட்டார். துறைமுகத்தின் காலைச் சங்கு ஊதிய பிறகு வந்து மாலைச் சங்கோடு போகிற மனிதர் அவர். வரும்போதெல்லாம் சார்ஜன் பலகை நிழலில் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

"உது காவல் நாயோ, விருந்தாளியோ? வியாழக்கிழமை நாய் பிடிக்கிற ஆக்களிட்டக் குடுக்கப்போறன்."

"ஐயா, அது இரவு முழுக்க முழிச்சிருக்கிற சீவன்."

"நான் கண்டது நித்திரையைத்தான்."

பிடித்துக்கொண்டுபோன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. அருளம்பலம் குசினிக்குள் இருந்து அழுதார். அவர் மனைவி கமலாதேவி கொஞ்ச நேரம் அழவிட்டு, பிறகு உள்ளே வந்தாள்.

"புதன்கிழமை சார்ஜன்ட நாளெல்லோ? முதல் துண்டை அந்த மனிசனிட்டக் குடுத்துக் கேட்டுப் பாருங்கோ. ரெண்டு முட்டை கூடப் போடுங்கோ."

புதன் விடிந்ததும், களஞ்சியத்தைச் சார்ஜனிடம் விட்டுவிட்டுக் கேக்கை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு நிலவைப் பார்த்து வரும் போயா நாளுக்குக் கொடுத்திருந்த வருடங்கள் அவை. எந்தக் கிழமை லீவு என்று ஊரே தடுமாறியது. அந்தப் புதன் போயா என்பது, இருந்த கவலையில் அருளம்பலத்துக்கு நினைவே வரவில்லை.

திரும்பி வந்தால் படலை திறந்து கிடக்கிறது. முற்றத்தில் ஒரு தொழிலாளியும் இல்லை. அடுக்கிய பலகைகளின் உச்சியில், ஒற்றைச் சப்பாத்தோடு, குணரத்தினம்! கீழே சார்ஜன் குரைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தது. அவர் ஒரு காலைக் கீழே வைக்கப் பார்த்தால் மட்டும் உறுமியது.

"அருளம்பலம், பிடியும் உந்த நாயை! ஏழு மணிக்குத் திறப்பைப் போட்டுப் படலையைத் திறந்து உள்ளுக்கு வந்தனான், இன்னும் இறங்க ஏலாமல் நிக்கிறன்!"

"இண்டைக்கு... போயாவெல்லோ, ஐயா?" அருளம்பலத்துக்கே அப்போதுதான் விளங்கியது.

குணரத்தினம் வெறும் முற்றத்தைப் பார்த்தார். "சங்கு எனக்குத்தான் கேக்கேல்லை எண்டு நினைச்சிட்டன்."

"அது ஊதேல்லை ஐயா. சங்கு ஊதுமட்டும் ஆர் வந்தாலும் இதுக்குக் கள்ளன்தான். ஊதினாப் பிறகுதான் படுக்கும்."

அருளம்பலம் நாயைப் பிடித்துக்கொள்ள, குணரத்தினம் மெல்ல இறங்கிச் சப்பாத்தைத் தேடிப் போட்டார். அருளம்பலம் கேக்கை வெட்டி, முதல் துண்டை அவரிடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கினார். குனிந்து சார்ஜனுக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கு ரெண்டாவது துண்டைத் தாரும்."

"அப்ப வியாழக்கிழமை, ஐயா?"

"வியாழக்கிழமை சங்கு ஊதினாப் பிறகு வாறன்," என்றார் குணரத்தினம். "அது படுத்திருக்கட்டும்."