அழியக் கூடாத குறிகள்

அண்ணன் செத்த சேதி வந்தபோது என் மார்பில் மூன்று கூட்டல் குறிகள் இருந்தன. ஊதா மை. நடுவில் ஒன்று, இரண்டு விலாப்பக்கமும் ஒவ்வொன்று. அவை அழியக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்த சட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. இடது மார்பை எடுத்தாகிவிட்டது, இனி கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்கு அதுதான் பெயர். போன உடனே வைத்துவிடுவார்கள் என்று ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் பயந்துகொண்டே போனேன். வைக்கவில்லை. முதலில் ஸ்கேன் என்றார்கள்.

நோய் எங்கே என்று தேடுகிற ஸ்கேன் இல்லை அது. கரண்டு எந்தப் பக்கத்திலிருந்து, எந்தச் சாய்வில் வந்தால் இதயத்தையும் நுரையீரலையும் கூடியவரை தொடாமல் போகும் என்று கணக்குப் போடுவதற்கான படம். மெத்தை இல்லாத தட்டைப் பலகையில் படுக்க வைத்தார்கள். கரண்டு வைக்கும் மேசையும் அப்படித்தான் இருக்குமாம். அறுத்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். உயிர் போய் உயிர் வந்தது. சுவரிலிருந்து வெளிச்சக் கோடுகள் என் மேல் விழுந்தன. அவை குறுக்கிட்ட இடங்களில் டெக்னீசியன் மையால் குறி போட்டு, படத்தில் தெரிவதற்காக ஒவ்வொன்றின் மேலும் கடுகளவு ஈயக் குண்டு ஒட்டினார். படம் முடிந்ததும் குண்டுகளை எடுத்துவிட்டார், குறிகளை விட்டுவிட்டார். தினமும் அவற்றை வைத்துத்தான் என்னை அதே கிடையில் படுக்க வைப்பார்களாம். அழிந்தால் மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு, கரண்டு தள்ளிப் போகும். ஈரத்துணியால் மற்ற இடங்களைத் துடைத்துக்கொள்ளலாம், குளிக்கக் கூடாது என்றார்.

கணக்கு முடிய வீட்டில் காத்திருந்த நாளில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வந்தது. அண்ணனுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகுமுன்னே முடிந்துவிட்டது. போனேன், காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் எல்லோரும் குழாயடியில் தலை முழுகினார்கள். நான் காலைக் கழுவி, உச்சியில் ரெண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டு பஸ் ஏறினேன். முதுகுக்குப் பின்னால் பேசியது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலை மறித்துக்கொண்டு என் மாமியார் நின்றார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். நோயோடு தீட்டும் சேர்ந்தால் வீடு தாங்காது என்று நினைத்தார். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. இப்போதும் இல்லை. குறிகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன், காதில் வாங்கவில்லை.

“கூடப் பொறந்தவன் செத்துருக்கான். அவனுக்காக ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிட ஒனக்கு மனசு வரலையாட்டி?”

சேலையை ஒதுக்கி, ரவிக்கையின் மேல் கொக்கியைக் கழற்றி, நடுக்குறியைக் காட்டினேன். தெருவில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

“அண்ணன் போயாச்சு, அத்தே. நான் இன்னும் போகலை. வழி விடுங்க.”

அவர் நகரவில்லை. இடித்துக்கொண்டு உள்ளே போனேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோறு போட ஆளில்லை, நானே அடுப்படிக்குள் போய்ப் போட்டுக்கொண்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மதுரையில் வெளிச்சக் கோடுகள் மூன்று குறிகளின் மேலும் சரியாக விழுந்தன. மறு ஸ்கேன் வேண்டாம் என்றார் டெக்னீசியன். கரண்டு அன்றைக்கே தொடங்கியது.

எல்லாம் முடிந்து, இனிக் குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளில், மாமியாரே வெந்நீர் போட்டிருந்தார். என் தோல் வெந்து கறுத்திருந்ததால் சூடு தெரியாதபடி விளாவியும் வைத்திருந்தார்.

“இப்பவாச்சும் ஒன் அண்ணனுக்கு முழுகிரு,” என்றார்.

“அவன் எப்பவோ போய்ச் சேந்துட்டான், அத்தே. இது எனக்கு,” என்று சொல்லிவிட்டுத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.